தட்டிப் பார்க்க இயலாத பொருள்

சந்தையில் மண்பானை வாங்குபவர் அதை விரல் மடக்கித் தட்டிப் பார்க்கிறார். ஓசை கணீரென்று எழுந்தால் விலை பேசுகிறார், பிசிறினால் கீழே வைத்துவிடுகிறார். மாடு வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதும், விதைநெல் வாங்குபவர் மணியை நகத்தால் பிளந்து பார்ப்பதும் அத்தகையவே. வாங்குபவரின் கண்ணும் கையும் அறிவும் எட்டுகின்ற வரையில், பொருளின் தரத்துக்கு அவரையே காவலாக நிறுத்துவதில் பெரிய அநீதி இல்லை. ஆனால், மருந்துக் குப்பிக்குள் இருப்பது இன்னதென்று நோயாளி சோதித்தறிய இயலாது. சுவருக்குள் ஓடும் மின்கம்பியின் தரத்தை வீட்டுக்காரர் உரித்துப் பார்த்து உறுதிசெய்ய இயலாது. தராசில் ஏறும் எடைக்கல்லின் நிறை சரிதானா என்று கடைவாசலில் நிற்கும் எவரும் அளந்து காண இயலாது. வாங்குபவரின் சோதனை எட்டாத இடத்தில் அரசின் முத்திரை நின்றாக வேண்டும் என்று உணர்ந்ததனாலேயே எடைக்கல்லுக்கு முத்திரையும், மருந்துக்கு உரிமமும், மின்கருவிகளுக்குத் தரச்சான்றும் கட்டாயமாயின.

இந்நெறியைச் சட்டத்தின் நெஞ்சில் ஆழப் பதித்த வழக்கு ஒன்றை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். 1928 ஆகஸ்டில், ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்துச் சிற்றுண்டிக் கடையொன்றில், மே டோனகியூ என்ற ஏழைப் பெண் இஞ்சிப் பானம் அருந்தினார். உள்ளிருப்பது வெளியே தெரியாத கருநிறப் புட்டியில் அது அடைக்கப்பட்டிருந்தது. பாதி அருந்திய பின் மிச்சத்தை ஊற்றியபோது, அழுகிய நத்தையொன்று வெளிவந்து விழுந்தது என்றும், அதனால் தாம் நோயுற்றதாகவும் அவர் முறையிட்டார். பானத்துக்குக் காசு கொடுத்தவர் அவருடைய தோழி. ஆதலால் கடைக்காரரோடும் சரி, பானம் தயாரித்தவரோடும் சரி, டோனகியூவுக்கு ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஒப்பந்தம் இல்லாதவருக்குப் பொறுப்பும் இல்லை என்பதே அந்நாள் வழக்காக இருந்தது. 1932 மே 26 அன்று பிரித்தானியப் பிரபுக்கள் அவையின் ஐந்து நீதிபதிகளில் மூவர் அவ்வழக்காற்றை முறித்தனர். இடையில் எவரும் திறந்து சோதிக்க வாய்ப்பில்லாத வகையில் ஒரு பொருளை அடைத்து அனுப்புகிறவர், அதை இறுதியில் நுகர்பவர் எவராயினும் அவர்பால் கவனக் கடமை உடையவர் என்றார் அட்கின் பிரபு. தன் செயலால் தீங்குறக்கூடும் என்று முன்னுணரத்தக்க ஒவ்வொருவரும் சட்டத்தின் பார்வையில் தனக்கு அண்டை வீட்டாரே என்ற கோட்பாட்டையும் அவர் வகுத்தார். புட்டிக்குள் நத்தை உண்மையில் இருந்ததா என்பது விசாரணையில் மெய்ப்பிக்கப்படாமலேயே அவ்வழக்கு முடிந்துபோயிற்று. ஆனால், இந்தியா உள்ளிட்ட பல நாடுகளின் தீங்கியல் சட்டம் அந்தப் புட்டியின் மீதே இன்றளவும் நிற்கிறது.

நம் வீடுகளுக்குள் இன்று அத்தகைய கருநிறப் புட்டிகள் பல வந்து சேர்ந்திருக்கின்றன. வாசலைக் காக்கும் கேமரா, கைப்பேசியால் திறக்கும் கதவுப்பூட்டு, குரலுக்கு விடைசொல்லும் ஒலிபெருக்கி, இணையத்தோடு பேசும் தொலைக்காட்சி, குழந்தை கட்டியணைத்து உறங்கும் பொம்மை என அவற்றின் வடிவங்கள் பலவாயினும், உள்ளே இருப்பது ஒரு கணினியே. அதற்குக் கண் இருக்கிறது, செவி இருக்கிறது, இரவும் பகலும் வெளியுலகோடு ஓயாத தொடர்பும் இருக்கிறது. வாங்குபவர் விலையைப் பார்க்கிறார், படத்தின் தெளிவைப் பார்க்கிறார், ஓராண்டு உத்தரவாதம் உண்டா என்று கேட்கிறார். ஆலையில் அதனுள் வைத்த கடவுச்சொல் என்ன, அது எத்தனை லட்சம் கருவிகளுக்குப் பொதுவானது, நாளை ஓட்டை ஒன்று கண்டறியப்பட்டால் அதை அடைக்க எவர் இருக்கிறார் என்பவற்றை அவர் எவ்வாறு தட்டிப் பார்ப்பார்?

இது வெறும் அச்சமன்று என்பதை 2016-ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டியது. அவ்வாண்டு செப்டம்பர் 20 அன்று, இணையக் குற்றங்களைத் துப்பறிந்து எழுதும் பிரையன் கிரெப்ஸ் என்ற அமெரிக்க இதழாளரின் தளத்தின் மீது விநாடிக்கு 620 ஜிகாபிட் அளவில் தரவு வெள்ளம் பாய்ந்தது. அக்டோபர் 21 அன்று, இணையதளங்களின் பெயர்களை எண்முகவரிகளாக மாற்றித் தரும் பணியைச் செய்துவந்த டைன் என்ற நிறுவனம் தாக்கப்பட்டது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் ஸ்பாட்டிஃபையும் இன்னும் பல தளங்களும் மணிக்கணக்கில் எட்டாதனவாயின. நவம்பர் இறுதியில் ஜெர்மனியில் ஏறத்தாழ 9 லட்சம் வாடிக்கையாளர்களின் இணைய இணைப்பு பழுதுற்றது. இவற்றின் பின்னே நின்ற தீநிரலுக்கு 'மிராய்' என்று பெயர்; ஜப்பானிய மொழியில் அதற்கு எதிர்காலம் என்பது பொருள்.

மிராய் செய்ததில் பெரிய நுட்பம் எதுவும் இல்லை. நாம் கவலைகொள்ள வேண்டியதும் அதனாலேயே. இணையத்தின் முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே சென்று, திறந்த வாயில் ஒன்று தென்பட்டால், ஆலைகள் வழக்கமாக வைத்தனுப்பும் பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளில் ஏறத்தாழ 60-ஐ அது முயன்று பார்த்தது. 'அட்மின்' என்ற பெயருக்கு 'அட்மின்' என்பதே கடவுச்சொல்லாக இருந்த இணையும், '12345' என்ற எண்வரிசையும் அப்பட்டியலில் இருந்தன. இந்த எளிய சாவிக்கொத்தைக் கொண்டே, உச்சத்தில் சுமார் 6 லட்சம் கருவிகள் அதன் பிடிக்குள் வந்தன. அவற்றுள் பெரும்பாலானவை வீட்டுக் கேமராக்கள், படப்பதிவுக் கருவிகள், இணையத் திசைவிகள். கருவியை அணைத்து மீண்டும் இயக்கினால் தீநிரல் அழிந்துவிடும். ஆனால், கடவுச்சொல் மாறாத கருவிக்குள் அது சில நிமிடங்களிலேயே மறுபடியும் குடியேறிவிடும்.

இதனை இயற்றியவர்கள் பகைநாட்டின் படையினர் அல்லர். இருபது வயதையொட்டிய மூன்று அமெரிக்க இளைஞர்கள். 'மைன்கிராஃப்ட்' என்ற கணினி விளையாட்டின் வழங்கிகளை நடத்தும் வணிகப் போட்டியில் எதிராளியை முடக்கவே அவர்கள் இதில் இறங்கினர். கிரெப்ஸின் தளம் தாக்கப்பட்ட பத்தாம் நாள், செப்டம்பர் 30 அன்று, நிரல் முழுவதையும் பொதுவெளியில் கொட்டிவிட்டார்கள்; அதை எடுத்துக் கையாண்ட பிறரே டைனைத் தாக்கினார்கள். மூவரும் 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அடுத்த ஆண்டு, புலனாய்வுக்கு உதவியதைக் கருத்தில் கொண்டு, ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 2,500 மணி நேரச் சமூகப் பணியும் 1,27,000 டாலர் ஈட்டுத்தொகையும் அவர்களுக்கு விதிக்கப்பட்டன. பூட்டை உடைத்தவர் கூண்டில் நின்றார். உலகெங்கும் ஒரே சாவியால் திறக்கும் பூட்டை லட்சக்கணக்கில் செய்து விற்றவர் எந்தக் கூண்டிலும் நிற்கவில்லை.

அக்கேமராக்களின் உரிமையாளர்களை நோக்கி, கடவுச்சொல்லை ஏன் மாற்றவில்லை என்று கேட்போர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். தாக்குதலில் பங்குகொண்ட கருவிகள் பலவற்றின் உள்ளுறுப்புகள் சீனத்தின் ஹாங்சோ நகரிலுள்ள ஒரு நிறுவனத்தில் உருவாகி, வேறுவேறு பெயர்களில் உலகெங்கும் விற்கப்பட்டவை. அவற்றுள் சிலவற்றின் கடவுச்சொல், உரிமையாளரின் கைக்கு எட்டாத அடிநிரலிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. திரையில் ஒரு கடவுச்சொல்லை மாற்றிவிட்டு நிம்மதியாக உறங்கிய மனிதரின் வீட்டிலும் பின்வாசல் திறந்தே கிடந்தது. அவரைக் குற்றம் சொல்வது, நத்தையைக் கவனிக்காமல் பருகியதற்காக டோனகியூவைக் குற்றம் சொல்வதற்கு ஒப்பாகும்.

இன்னுமொரு கேட்டையும் நாம் உள்வாங்கிக்கொள்ள வேண்டும். தம் கேமரா பிறர் கைக்குப் போனதை அதன் உரிமையாளர் உணரவே இல்லை. படம் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தது. செய்தவருக்கு விற்ற காசு வந்துவிட்டது. தீங்கு முழுவதும், இவ்விருவரோடும் எவ்வகைத் தொடர்பும் இல்லாத மூன்றாமவர் தலையில் இறங்கியது. 2016 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியளித்த பாதுகாப்பு அறிஞர் புரூஸ் ஷ்னையர் இதையே எடுத்துரைத்தார்: வாங்குபவருக்கும் கவலையில்லை, விற்பவருக்கும் கவலையில்லை, ஆகவே சந்தை தானாக இதைத் திருத்தாது. ஓலைக்கூரைகள் நெருங்கி நிற்கும் தெருவில், கோடைக் காற்றில் அடுப்பை அணைக்காமல் போகிறவரை ஊர் கண்டித்தது, அவருடைய குடிசையின் மேல் கொண்ட அக்கறையால் மட்டுமன்று. அடுத்தடுத்த கூரைகளை எண்ணியே ஆகும்.

சட்டம் இருந்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்கும் சான்று உண்டு. 2015 ஜூலையில், சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரு ஆய்வாளர்கள், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கி வண்டியைத் தொலைவில் அமர்ந்தபடியே இணையத்தின் வழி கைக்கொண்டு, அதன் விசையை அறுத்துக் காட்டினர். சில நாள்களுக்குள் 14 லட்சம் வண்டிகளைத் திரும்பப் பெறுவதாக அவற்றைச் செய்த நிறுவனம் அறிவித்தது. வாகனப் பாதுகாப்புக்கென வலுவான சட்டமும், அதைச் செயற்படுத்தும் அமைப்பும் அரை நூற்றாண்டுக் காலமாக அமெரிக்காவில் வேரூன்றியிருந்ததை மறந்துவிட்டு இந்த விரைவை விளங்கிக்கொள்ள இயலாது. 2017 ஆகஸ்டில், இதயத்துடிப்பைச் சீராக்க உடலுக்குள் பொருத்தப்பட்ட கருவிகளில் ஓட்டை இருப்பதறிந்து, அமெரிக்காவில் 4,65,000 கருவிகளின் மென்பொருளைப் புதுப்பிக்க அந்நாட்டு மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. அதற்காக நோயாளிகள் மருத்துவரிடம் நேரில் செல்ல வேண்டியிருந்தது. வண்டிக்கும் இதயத்துக்கும் கேட்க ஆள் இருந்தது. சுவரில் தொங்கும் கேமராவுக்கு இல்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2025 பிப்ரவரியில், குஜராத்தின் ராஜ்கோட் நகரத்து மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் உள்ளே, பெண்களுக்குச் சிகிச்சை அளிக்கப்படும் காட்சிகள் யூடியூபில் வெளியாகியிருப்பதும், அவற்றின் முழுப்பதிவுகள் டெலிகிராம் வழியாக விலைக்கு விற்கப்படுவதும் அம்பலமாயின. அகமதாபாத் காவல்துறையினர் தொடர்ந்து நடத்திய விசாரணையில், அந்த ஒரு மருத்துவமனையோடு நில்லாது, பல மாநிலங்களில் பள்ளிகள், அலுவலகங்கள், வீடுகள் எனக் கேமராக்கள் பலவும் திருட்டுக்கு உள்ளாகியிருப்பது தெரியவந்தது. பல மாநிலங்களைச் சேர்ந்தவர்கள் கைதாயினர். ஆலையில் வைத்த கடவுச்சொல்லும், எவரும் எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லுமே திருடர்க்கு வழிவிட்டன என்று செய்திகள் கூறின. மிராய் உலகை உலுக்கி ஒன்பதாண்டுகள் ஆகவிருந்த வேளையில், அதே சாவி அதே பூட்டைத் திறந்திருக்கிறது.

பெண்கள் ஆடை நெகிழ்ந்து கிடக்கும் சிகிச்சை அறையில் கேமராவுக்கு என்ன வேலை என்பதே முதற்கேள்வி. அதற்கு அம்மருத்துவமனை விடை சொல்லியாக வேண்டும்; அத்தகைய அறையில் கேமரா வைத்துள்ள ஒவ்வொரு மருத்துவமனையும் அதைக் கழற்றியாக வேண்டும். பாதுகாப்பு என்னும் சொல்லின் மயக்கில் கேமரா இல்லாத இடமே இருக்கலாகாது என்ற மனநிலைக்கு நாம் பழகிவிட்டோம். சென்னை மாநகரக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்ற பெயரில் மக்களையும் வணிகர்களையும் ஊக்கித் தெருத்தோறும் கேமராக்களைப் பொருத்தச் செய்ததில் குற்றங்களைத் துப்புத்துலக்கப் பயன் விளைந்ததை நாம் மறுக்கவில்லை. ஆனால், கண்ணைப் பொருத்தச் சொன்ன அதே குரல், அக்கண்ணின் வழியே வேறெவரும் பாராதிருக்க வழி சொல்லும் கடமையும் உடையது. ரிச்சி தெருவில் வாங்கிவந்த கேமராவை ஏணி போட்டு மாட்டித் தருபவர், பின்னாளில் பழுதுபார்க்க வசதியாக இருக்கட்டும் என்று தாம் பொருத்தும் வீடுகளுக்கெல்லாம் ஒரே கடவுச்சொல்லை வைத்துவிட்டுப் போவதும் உண்டு. அவரிடம் தீய எண்ணம் இல்லை. அவருக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

பிற நாடுகள் கைகட்டி நிற்கவில்லை. பிரிட்டன் 2022-இல் இயற்றி 2024 ஏப்ரல் 29 முதல் செயற்படுத்திவரும் சட்டம், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான கடவுச்சொல்லை விலக்கியது. ஓட்டை கண்டவர் தெரிவிப்பதற்கு ஒரு தொடர்பு வழியையும், எந்நாள் வரை மென்பொருள் புதுப்பிக்கப்படும் என்ற அறிவிப்பையும் கட்டாயமாக்கியது. மீறினால் ஒரு கோடி பவுண்டு அல்லது உலகளாவிய வருவாயில் 4 விழுக்காடு, இவற்றில் எது மிகுதியோ அதுவரை தண்டம் விதிக்க இடமளித்தது. தமிழும் ஆட்சிமொழியாக விளங்கும் சிங்கப்பூர், 2020 அக்டோபர் முதல், கருவிகளின் பாதுகாப்பை நான்கு படிநிலைகளில் மதிப்பிட்டு முத்திரை வழங்கிவருகிறது. வீட்டு இணையத் திசைவிகளுக்கு அம்முத்திரையைக் கட்டாயமும் ஆக்கியது. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் இவற்றினும் ஆழமாகச் சென்று, பொருளின் பயன்காலம் குறுகியதாக இருந்தாலன்றி ஐந்தாண்டுகளேனும் ஓட்டைகளை அடைத்துத் தர வேண்டும் என்கிறது. அதன் முதன்மைக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் பிணிக்கும்.

இந்தியாவும் ஓர் அடி எடுத்துவைத்திருக்கிறது. கண்காணிப்புக் கேமராக்களின் வன்பொருளும் மென்பொருளும் அரசு ஏற்ற ஆய்வகத்தில் சோதிக்கப்பட்ட பின்னரே விற்கப்பட வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. இதை நாம் மனமார வரவேற்கிறோம். அண்டை நாட்டுக் கேமரா என்னும் அச்சமே இவ்விதிக்கு உந்துதல் என்று பலரும் பேசுவதைக் கேட்கிறோம். பொருள் எந்த நாட்டில் பிறந்தது என்பதைவிட, அதன் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதே கருதத்தக்கது. உள்நாட்டில் செய்த பூட்டும் பொதுச்சாவியால் திறக்குமாயின் அது பூட்டாகாது. மேலும், கேமராவுக்கு வகுத்த நெறி கதவுப்பூட்டுக்கும் பொம்மைக்கும் குளிர்சாதனத்துக்கும் இன்னும் விரியவில்லை. பொம்மை என்பதால் இதை எளிதாக எண்ணலாகாது: பேசும் பொம்மை ஒன்றை ஒட்டுக்கேட்கும் கருவி என அறிவித்து, அதை அழித்துவிடுமாறு பெற்றோரை ஜெர்மனியின் ஒழுங்காணையம் 2017 பிப்ரவரியில் கேட்டுக்கொண்டது.

விலை ஏறிவிடும், சிறுவணிகர் நலிவர் என்ற மறுப்பு எழும். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிக் கடவுச்சொல்லை அச்சிட்டு அடியில் ஒட்டியனுப்புவது, கருவியின் விலையோடு ஒப்பிட மிகச் சிறிய செலவே. புதுப்பிப்புகளை ஆண்டுக்கணக்கில் வழங்குவதற்குச் செலவு உண்டு என்பது மெய்; அச்செலவைச் செய்ய இயலாதவர் அதைப் பெட்டியின் மேல் சொல்லிவிட்டு விற்கட்டும். மருந்து அட்டையில் காலாவதி நாளை அச்சிடச் சொல்லும் நாம், வீட்டுக்குள் பத்தாண்டு காலம் விழித்திருக்கப்போகும் கருவியின் பாதுகாப்பு எந்நாளோடு முடிகிறது என்பதை அச்சிடச் சொல்வதில் மிகை என்ன இருக்கிறது? தமிழ் படிப்பவர் வாங்கும் பெட்டியில் அந்நாள் தமிழிலும் இருத்தல் வேண்டும்.

எனினும், முன்தடுப்பு விதிகளைவிட நம் உள்ளத்தை மிகுதியும் உறுத்துவது வேறொன்று. தீங்கு நிகழ்ந்த பின் அதற்குள்ளானவர் எங்கே சென்று முறையிடுவது? 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பில் தவறுவோர்க்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க வழிசெய்கிறது. அக்கடமை தரவைக் கையாளும் மருத்துவமனையைச் சாருமேயன்றி, ஓட்டைக் கருவியைச் செய்தவரைச் சாராது. தண்டப்பணமும் அரசின் தொகுநிதிக்கே செல்லும். படம் களவாடப்பட்ட பெண்ணுக்கு அதில் ஒரு காசும் இல்லை. கவனக்குறைவால் தரவைக் காக்கத் தவறிய நிறுவனத்திடம் இழப்பீடு கோர உதவிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவையும் நீக்குவதற்கு இச்சட்டம் வகை செய்திருக்கிறது.

எஞ்சியிருப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். குறையுடைய பொருளைச் செய்தவரே அதனால் விளையும் கேட்டுக்குப் பொறுப்பு என்று அதன் ஆறாம் அத்தியாயம் முழங்குகிறது. பெய்ஸ்லி வழக்கின் நேர்வழித் தோன்றல் அது. ஆனால், நுகர்வோர் என்றால் விலைகொடுத்து வாங்கியவரும், அவருடைய இசைவோடு பொருளைப் பயன்படுத்துபவரும் மட்டுமே. கேடு என்றால் உடைமைச் சேதம், உடற்காயம், நோய், சாவு ஆகியவை. மனவேதனையும் இவற்றில் ஒன்றைத் தொடர்ந்து வந்தால்தான் கேடாகக் கொள்ளப்படும். ராஜ்கோட்டில் சிகிச்சைக் கட்டிலில் படுத்திருந்த பெண் அக்கேமராவை வாங்கவில்லை, இயக்கவுமில்லை. அவர் உடலில் காயம் இல்லை. உடைமை எதுவும் சேதமுறவில்லை. டோனகியூவாவது புட்டியிலிருந்து பருகினார். இவர் அக்கருவியைத் தொட்டதே இல்லை. அந்தரங்கம் என்பது அரசமைப்பு வழங்கும் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்திருக்க, அந்த உரிமை குலைவதைக் கேடு என்று கொள்ளும் சொல் இந்த வரையறையில் இல்லை.

ஆகவே, நுகர்வோர் விவகாரத் துறையை நாம் கேட்பது மிகக் குறுகிய திருத்தமே. கேடு என்னும் சொல்லின் வரையறையில் அந்தரங்கம் குலைவதையும் அதனால் விளையும் மனவேதனையையும் சேர்க்க வேண்டும். வாங்காதவரும் பயன்படுத்தாதவருமாயினும், குறையுடைய கருவியால் தீங்குற்ற எவரும் அதைச் செய்தவர் மீதும் இறக்குமதி செய்தவர் மீதும் முறையிடலாம் என்று ஒரு வரி எழுத வேண்டும். அடுத்த கூட்டத்தொடரிலேயே இதற்கான முன்வரைவை அவையில் வைக்கலாம். அந்தப் பெண்களின் படங்கள் எத்தனை கைகளுக்குப் போயின என்பதை இனி எந்த நீதிமன்றத்தாலும் எண்ணி முடிக்க இயலாது. அவர்களுக்கு எவர் விடை சொல்வது என்பதை நாடாளுமன்றத்தால் முடிவுசெய்ய இயலும்.